கொழும்பில் மருத்துவக் காப்புறுதி: கையெழுத்துப் போடுமுன் பார்க்க வேண்டியவை

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ கொழும்புக்கு வேலைக்கு வந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீடெடுத்துக் குடியேறியதும், கொஞ்ச நாளில் ஒரு காப்புறுதி முகவர் உங்களைத் தேடி வருவார். பெரும்பாலும் தெரிந்தவருக்குத் தெரிந்தவராகத்தான் இருப்பார். பளபளப்பான தாள் ஒன்றை விரித்து, "அஞ்சு இலட்சம் கவர், மாதம் இவ்வளவுதான்" என்பார். அந்தத் தாளில் பொய் இருக்காது. ஆனால் பில் வரும் நாளில் உங்களுக்குத் தேவைப்படும் விஷயம் ஒன்றும் அதில் இருக்காது. அப்பாவின் ஒப்பரேஷன் பில்லுக்காக ஒரு கம்பனியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய பிறகு தெரிந்துகொண்டவற்றை வரிசையாக எழுதுகிறேன். எந்தக் கம்பனி நல்லது என்று சொல்லப் போவதில்லை. ஒரே கம்பனியிலேயே நல்ல திட்டமும் இருக்கும், ஒன்றுக்கும் உதவாத திட்டமும் இருக்கும்.

1. எந்த பில்லுக்குப் பயப்படுகிறீர்கள்?

இலங்கையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். கொழும்பில் இருப்பவர்களுக்கு இது பெரிய பலம். விபத்தென்றால் தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவு, பிள்ளைகளுக்குப் பொரளை லேடி ரிஜ்வே, பிரசவத்துக்குக் காசல் வீதியும் டி சொய்சாவும், புற்றுநோய்க்கு மஹரகம அபேக்ஷா. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். ஆகவே காப்புறுதி இல்லாவிட்டால் வைத்தியமே இல்லை என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

பிறகு எதற்குக் காசு கட்டுகிறோம்? ஒப்பரேஷனுக்கு மாதக்கணக்கில் திகதி பார்த்துக் காத்திருக்காமல் இருக்க. தனி அறை கிடைக்க. நமக்குப் பிடித்த டொக்டரிடம் காட்ட. அரசாங்க வாட்டில் இருந்தாலும் "இந்த ஸ்கேனை வெளியே எடுத்து வாருங்கள், இந்த ஊசியை வெளியே வாங்குங்கள்" என்று துண்டு எழுதித் தரும்போது கையில் காசு இருக்க.

இந்த நாலில் எது உங்களுடையது என்று வீட்டில் இருந்து பேசி முடிவெடுங்கள். "எங்கள் வீட்டில் தடிமன் காய்ச்சலுக்குக் கூடத் தனியார்தான்" என்பவருக்கு ஒரு திட்டம் பொருந்தும். "சின்ன வருத்தத்துக்குத் தனியார், பெரிய வருத்தம் வந்தால் பெரியாஸ்பத்திரி" என்பவருக்கு அது பொருந்தாது. நம்மவர்களில் அதிகம் பேர் இரண்டாவது வகை. ஆனால் முகவர் விற்பது முதல் வகைக்கான திட்டம்.

2. ஏற்கெனவே உங்களிடம் இருப்பதைக் கண்டுபிடியுங்கள்

புதிதாக எதையும் வாங்குமுன் இதைச் செய்யுங்கள். செலவு ஒரு சதமும் இல்லை.

தனியார் கம்பனியில் வேலை என்றால் எச்.ஆர். பிரிவிடம் குழுக் காப்புறுதியின் விபரத்தைக் கேளுங்கள். வாயால் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வந்துவிடாமல், நன்மைகளின் அட்டவணையை எழுத்தில் வாங்குங்கள். அதில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: மனைவி, பிள்ளைகள் அடங்குகிறார்களா, பெற்றோர் அடங்குகிறார்களா, வெளிநோயாளர் செலவுக்குத் தனித் தொகை இருக்கிறதா. பெற்றோர் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். வேலையை விட்ட அன்றோடு இந்தக் காப்புறுதியும் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அரச ஊழியர் என்றால் அக்ரஹார என்ற மருத்துவக் காப்புறுதிக்குச் சம்பளத்திலேயே காசு கழிபடும். தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துவது அது. காசு கழிகிறது என்பது தெரிந்தும் ஒரு தடவையாவது கிளெய்ம் போடாத ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உங்கள் மனைவியோ கணவரோ அரச வேலையில் இருந்தால் அவருடைய அக்ரஹாரவில் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று முதலில் பாருங்கள். பிள்ளை பாடசாலையில் படித்தால் சுரக்ஷா மாணவர் காப்புறுதியைப் பற்றி வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

இருதய ஒப்பரேஷன், சிறுநீரக மாற்று போன்ற பெரிய செலவுகளுக்கு ஜனாதிபதி நிதியத்தில் உதவி கேட்கலாம். அது காப்புறுதி ஆகாது, வருமானத்தையும் பார்ப்பார்கள். இருந்தாலும் அப்படி ஒரு வழி இருப்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

3. வகைகளைப் பிரித்துப் பாருங்கள்

கடையில் எத்தனை பெயரில் விற்றாலும் அடியில் இருப்பது மூன்று வகைதான்.

முதலாவது, ஆஸ்பத்திரிச் செலவைத் திருப்பித் தரும் திட்டம். நீங்கள் பில் கட்டினால் அதை ஒரு உச்ச வரம்புக்குள் கம்பனி திருப்பித் தரும், அல்லது நேரடியாக ஆஸ்பத்திரிக்குக் கட்டும். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு இதுதான் தேவை. அரசாங்க வாட்டில் பில்லே இல்லை என்பதால் அங்கே இது அநேகமாகச் சும்மா கிடக்கும்.

இரண்டாவது, நாட்கணக்கில் காசு தரும் திட்டம். ஆஸ்பத்திரியில் கட்டிலில் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று தரும், பில் எவ்வளவு என்று கேட்காது. பல திட்டங்களில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்தாலும் கிடைக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் இரட்டிப்பாகவும் கிடைக்கும். நாட்கூலிக்காரர், கடைக்காரர், ஓட்டோ ஓடுபவர் போன்று படுத்தால் வருமானம் நின்றுவிடும் ஆட்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. குறைந்தது 24 மணித்தியாலம் அல்லது இரண்டு இரவு தங்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருப்பார்கள். கண்ணில் கட்டராக் எடுப்பது போல் காலையில் போய் மாலையில் வீட்டுக்கு வரும் ஒப்பரேஷன்களுக்கு ஒரு சதமும் வராது.

மூன்றாவது, பெருநோய்த் திட்டம். புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகம் செயலிழத்தல் என்று பட்டியலிட்ட நோய் ஒன்று வந்தால் மொத்தமாக ஒரு தொகை தரும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு நோய்க்கும் பாலிசியில் ஒரு வரைவிலக்கணம் உண்டு. ஆரம்ப நிலைப் புற்றுநோய் சிலவற்றைச் சேர்க்க மாட்டார்கள். நோய் உறுதியான பிறகு இத்தனை நாள் நோயாளி உயிரோடு இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை இருக்கும். பட்டியலில் எத்தனை நோய் என்று பார்ப்பதை விட, முதல் நாலைந்து நோய்க்கு எழுதியிருக்கும் வரைவிலக்கணத்தை வாசியுங்கள்.

இந்த மூன்றையும் விற்பது இரண்டு விதமான கம்பனிகள். ஆயுள் காப்புறுதிக் கம்பனி, உயிர்க் காப்புறுதியோடு ஒரு மேலதிக நன்மையாக ஒட்டி விற்கும். பொதுக் காப்புறுதிக் கம்பனி, தனியாக வருடா வருடம் புதுப்பிக்கும் மருத்துவக் காப்புறுதியாக விற்கும். சட்டப்படி இந்த இரண்டு வியாபாரத்தையும் ஒரே கம்பனி செய்ய முடியாது. அதனால்தான் செலிங்கோ லைஃப் வேறு கம்பனி, செலிங்கோ ஜெனரல் வேறு கம்பனி. பெயரைப் பார்த்து ஒன்றின் கிளெய்மை மற்றதன் கிளையில் கொண்டுபோய்க் கொடுத்து நாட்களை வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும். உங்கள் பாலிசியின் முதல் பக்கத்தில் கம்பனியின் முழுப் பெயரையும் பார்த்து வையுங்கள்.

ஆயுள் காப்புறுதியோடு ஒட்டியது நீண்ட காலம் நிற்கும், ஆனால் அடிப்படைப் பாலிசிக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். பிரீமியம் நின்று பாலிசி காலாவதியானால் மருத்துவ நன்மையும் கூடவே போய்விடும். வருடாந்தத் திட்டத்தில் அந்த வருடத்துக்கு மட்டும் கட்டினால் போதும். ஆனால் அடுத்த வருடம் பிரீமியத்தைக் கூட்டலாம், ஒரு வருத்தத்தை விலக்கலாம், வயது எல்லை வந்ததும் புதுப்பிக்காமலும் விடலாம். ஏற்கெனவே உயிர்க் காப்புறுதி தேவைப்படுகிற இளம் குடும்பத்துக்கு ஆயுள் காப்புறுதியோடு ஒட்டியது சரி. உயிர்க் காப்புறுதி வேண்டாம், பில்லுக்கு மட்டும் வேண்டும் என்றால் வருடாந்தத் திட்டத்தைக் கேளுங்கள். முகவர் அதைத் தானாகச் சொல்ல மாட்டார். ஆயுள் கம்பனியின் முகவரிடம் அது அநேகமாக விற்பனைக்கே இருக்காது.

குடும்பத் திட்டம் எடுத்தால், அந்த ஐந்து இலட்சம் ஆளுக்கு ஐந்தா, எல்லோருக்கும் சேர்த்து ஐந்தா என்று கேளுங்கள். டெங்கு வந்தால் வீட்டில் ஒருவருக்கு மட்டும் வருவதில்லை.

4. உச்ச வரம்பை விட்டுவிட்டு உள் வரம்பைப் பாருங்கள்

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள், அதனால் கணக்கோடு சொல்கிறேன். கீழே உள்ளவை விளக்கத்துக்காக நான் போட்ட எண்கள்.

ஐந்து இலட்சம் ரூபா திட்டம் ஒன்று உங்களிடம் இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு ஒப்பரேஷன், நாலு நாள் தங்கல். பில் 380,000 ரூபா. அறை வாடகை நாளுக்கு 20,000 வீதம் 80,000. சத்திரசிகிச்சை நிபுணரின் கட்டணம் 100,000. தியேட்டரும் மருந்தும் 150,000. பரிசோதனைகள் 40,000. கூட இருந்தவரின் சாப்பாடு, பதிவுக் கட்டணம் போன்ற இதர செலவுகள் 10,000.

பில் ஐந்து இலட்சத்துக்குள் இருக்கிறது, முழுவதும் வரும் என்றுதான் நினைப்பீர்கள். இப்போது பாலிசியின் உள் வரம்பைப் பாருங்கள். அறைக்கு நாளுக்கு 12,000தான் உச்சம், ஆகவே 48,000 வரும், 32,000 உங்கள் தலையில். டொக்டர் கட்டணத்துக்கு இந்த வகை ஒப்பரேஷனில் 75,000தான், அங்கே 25,000 உங்கள் தலையில். இதர செலவு 10,000 முழுவதும் உங்களுடையது. மிச்சம் 313,000. அதிலும் பத்து வீதத்தை நீங்கள் ஏற்க வேண்டும் என்று பாலிசியில் இருக்கிறது, அது 31,300. கம்பனி தருவது 281,700. நீங்கள் கட்டுவது 98,300.

ஐந்து இலட்சம் கவர் இருக்கும்போதே கையிலிருந்து ஒரு இலட்சத்துக்குக் கிட்டப் போய்விட்டது. இதில் கம்பனி செய்த குற்றம் ஒன்றுமில்லை. எல்லாம் பாலிசியில் இருந்ததுதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: நீங்கள் வழக்கமாகப் போகும் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணி, சாதாரண தனி அறையின் நாள் வாடகை எவ்வளவு என்று கேளுங்கள். விலையைச் சொல்வார்கள். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு திட்டத்தின் அறை வரம்போடும் ஒப்பிடுங்கள். மொத்தத் தொகை குறைவாகவும் அறை வரம்பு கூடுதலாகவும் உள்ள திட்டம் பல வீடுகளுக்கு அதிகம் பயன்படும். பிறகு முகவரிடம் இந்தக் கேள்விகளை எழுத்தில் கேளுங்கள், வாட்ஸப்பில் கேட்டாலும் போதும், பதில் பதிவாக இருக்கும்:

அறைக்கும் டொக்டருக்கும் தனி வரம்பு எவ்வளவு? நான் ஏற்க வேண்டிய பங்கு எத்தனை வீதம்? ஒரே நாளில் முடியும் ஒப்பரேஷன்களில் எவையெவை பட்டியலில் உண்டு? அட்மிட் ஆவதற்கு முந்திய பரிசோதனைகளுக்கும், டிஸ்சார்ஜ் ஆன பின் வாங்கும் மருந்துக்கும் எத்தனை நாள் வரை தருவீர்கள்? சென்னைக்கோ வேலூருக்கோ சிகிச்சைக்குப் போனால் கிடைக்குமா, முன் அனுமதி வேண்டுமா?

பரிசோதனைக் கேள்வியை அலட்சியம் பண்ண வேண்டாம். டெங்குக் காய்ச்சலில் முதல் சில நாட்கள் வீட்டிலிருந்தபடிதான் தினமும் இரத்தம் கொடுத்துப் பிளேட்லெட் பார்ப்போம். அது வெளிநோயாளர் செலவு. பிறகு அட்மிட் ஆனால்தான், அதுவும் பாலிசியில் இருந்தால்தான், அந்தப் பழைய ரிசீட்டுகளுக்குப் பெறுமதி.

5. காத்திருப்புக் காலம்

இன்று கையெழுத்து, நாளைக்கு அட்மிட் என்று நடக்காது. சாதாரண வருத்தங்களுக்கு முதல் 30 நாள் அளவில் எதுவும் கிடைக்காது, விபத்துக்கு மட்டும் உடனே கிடைக்கும். ஹெர்னியா, கட்டராக், மூலம், கர்ப்பப்பை ஒப்பரேஷன் போன்றவற்றுக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ காக்க வைப்பார்கள். பிரசவத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம். கல்யாணம் முடிந்த கையோடு எடுத்தால் பிரயோசனம் உண்டு, வயிற்றில் பிள்ளை வந்த பிறகு எடுத்தால் இல்லை. சாதாரணப் பிரசவத்துக்கு ஒரு தொகை, சிசேரியனுக்கு ஒரு தொகை என்று பிரித்திருப்பார்கள், இரண்டையும் பாருங்கள்.

பழைய திட்டத்திலிருந்து புதிய திட்டத்துக்கு மாறினால் காத்திருப்பு திரும்ப முதலிலிருந்து தொடங்கும். புதியதின் காத்திருப்பு முடியும் வரை பழையதை நிறுத்தாமல் வைத்திருக்க முடியுமானால் வைத்திருங்கள்.

பெற்றோருக்கு எடுக்க நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம். அறுபதை ஒட்டியதும் புதிதாகச் சேர்க்கும் வாசல் ஒடுங்கத் தொடங்கும், சேர்த்தாலும் மருத்துவப் பரிசோதனை கேட்பார்கள், இருக்கிற வருத்தங்களை விலக்கிவிட்டுத்தான் தருவார்கள். கனடாவிலிருந்து காசு அனுப்பிப் பெற்றோருக்குக் காப்புறுதி எடுக்கும் அண்ணன்மார் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. எழுபது வயது அம்மாவுக்குக் கிடைக்கிற திட்டத்தின் பிரீமியத்தையும் அதில் விலக்கிய வருத்தங்களையும் பார்த்தால், அந்தக் காசை மாதாமாதம் வங்கியில் தனியாகப் போட்டு வைப்பதே மேல் என்று பல நேரம் தோன்றும்.

6. விண்ணப்பப் படிவமும் ஆவணங்களும்

கொண்டுபோக வேண்டியவை: தேசிய அடையாள அட்டைப் பிரதி, குடும்பத் திட்டமென்றால் விவாகச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும், வங்கிக் கணக்கு விபரம், பழைய மருத்துவ அறிக்கைகள். வயதுக்கும் தொகைக்கும் ஏற்ப இரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் கேட்கலாம். அந்தப் பரிசோதனைச் செலவு யாருடையது என்று முன்கூட்டியே கேளுங்கள்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு தனித் தொல்லை இருக்கிறது. பழைய அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் பெயர் இல்லை. பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பில் ஒரு எழுத்துக்கூட்டல், பாஸ்போட்டில் இன்னொன்று, ஆஸ்பத்திரி அட்மிஷனில் கேட்டு எழுதியவரின் கற்பனை ஒன்று. சிவகுமாரின் முதலெழுத்து முன்னுக்கும் வரும், பின்னுக்கும் வரும். கிளெய்ம் பிரிவில் இருப்பவருக்கு இவர்கள் எல்லாம் வேறு வேறு ஆட்கள். பாலிசியில் உள்ள எழுத்துக்கூட்டலை ஃபோனில் படமெடுத்து வைத்து, அட்மிஷன் மேசையில் அதைக் காட்டி அப்படியே எழுதச் சொல்லுங்கள். அடையாள அட்டை இலக்கத்திலும் கவனம்: ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய இலக்கத்தில் பாலிசி இருந்து, இப்போது உங்களிடம் 12 இலக்கப் புதிய அட்டை இருந்தால், கம்பனிக்கு எழுதித் திருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது சுகாதாரக் கேள்விகள். பிரஷர் இருக்கிறதா, சீனி வருத்தம் இருக்கிறதா, கடந்த வருடங்களில் ஆஸ்பத்திரியில் தங்கினீர்களா என்று வரிசையாக இருக்கும். முகவர் வேகமாக எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று கோடு போட்டுக்கொண்டு போவார், "இதெல்லாம் பரவாயில்லை அண்ணா" என்பார். பரவாயில்லை என்று அவர் சொன்னதற்குச் சாட்சி இல்லை, கையெழுத்து உங்களுடையது. தெரிந்த வருத்தத்தை மறைத்தால் அந்த ஒரு காரணத்தை வைத்தே பின்னாளில் முழு கிளெய்மையும் மறுக்கலாம். படிவத்தைத் தமிழில் கேளுங்கள். வெறும் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். நிரப்பி முடித்த படிவத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள்.

7. பிரீமியம்

ஒப்பிடும்போது முழு வருடத் தொகையை ஒப்பிடுங்கள். மாதத் தவணையாகக் கட்டினால் மொத்தத்தில் கூடும். பொதுக் காப்புறுதிக் கம்பனியின் மருத்துவத் திட்டத்துக்கு வற் வரி உண்டு, 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம். முகவர் சொல்லும் தொகை வரி சேர்த்ததா, சேர்க்காததா என்று கேளுங்கள். அடுத்த வயதுப் படிக்கு எப்போது ஏறுகிறீர்கள், ஏறினால் எவ்வளவு என்றும் அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். 40, 45, 50 என்று படி தாண்டும்போது பாய்ச்சல் பெரிதாக இருக்கும்.

முகவர் கையில் காசு கொடுக்க வேண்டாம். கம்பனியின் கணக்குக்கு நேரே கட்டி ரிசீட்டை வையுங்கள். ஆயுள் பாலிசி கைக்கு வந்ததும், வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துக் காசை மீளப் பெறும் கால எல்லை அதில் எழுதியிருக்கும். அந்த நாட்களுக்குள் ஒருதரம் முழுவதையும் வாசித்துவிடுங்கள், குறிப்பாக விலக்குகள் என்ற பக்கத்தை.

8. அட்மிட் ஆகும் நாளில்

காப்புறுதி அட்டை இருக்கிறது, காசு வேண்டாம் என்று வெறுங்கையோடு போகாதீர்கள். தனியார் ஆஸ்பத்திரி முற்பணம் கேட்கும். கம்பனியிடமிருந்து உத்தரவாதக் கடிதம் வந்த பிறகுதான் அதைக் கழிப்பார்கள். திகதி குறித்த ஒப்பரேஷன் என்றால் சில நாட்கள் முந்தியே டொக்டரின் கடிதத்தையும் செலவு மதிப்பீட்டையும் கம்பனிக்கு அனுப்பி அந்த உத்தரவாதக் கடிதத்தை எடுத்து வையுங்கள். அவசர அட்மிஷன் என்றால் கம்பனியின் உதவி இலக்கத்துக்கு அன்றைக்கே சொல்லி, பதிவு இலக்கம் ஒன்றை வாங்குங்கள்.

டிஸ்சார்ஜ் நாள் வேறு கதை. டொக்டர் காலையில் "போகலாம்" என்பார். பில் கம்பனிக்குப் போய், அனுமதி வந்து, மிச்சக் காசு கட்டி வெளியே வர மாலையாகும். வெள்ளிக்கிழமையும் போயா தினத்துக்கு முந்தின நாளும் இன்னும் இழுக்கும்.

9. டயக்னோசிஸ் கார்டைக் கையில் வாங்கியதும் வாசியுங்கள்

கிளெய்முக்குத் தேவையானவை: டொக்டரின் பகுதி நிரப்பிக் கையெழுத்திட்ட கோரிக்கைப் படிவம், மூலப் பில்லும் ரிசீட்டும், பில்லின் விரிவான பிரிப்பு, டயக்னோசிஸ் கார்ட் (டிஸ்சார்ஜ் ஆகும்போது என்ன வருத்தம் என்று வாட்டில் எழுதித் தரும் அட்டை), மருந்துத் துண்டுகள், பரிசோதனை அறிக்கைகள், வங்கி விபரம். அரசாங்க வாட்டில் இருந்து நாட்காசு கேட்பதென்றால் அட்மிட் ஆன திகதியும் டிஸ்சார்ஜ் திகதியும் ஆஸ்பத்திரி முத்திரையும் டயக்னோசிஸ் கார்டில் தெளிவாக இருக்க வேண்டும். முத்திரை மங்கலாக விழுந்தால் அங்கேயே திரும்ப அடிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்துப் போனால் அந்த வாட்டில் உங்களை ஒருவருக்கும் தெரியாது.

அப்பாவுக்கு நடந்தது இதுதான். ஹெர்னியா ஒப்பரேஷன், காத்திருப்புக் காலமெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. டயக்னோசிஸ் கார்டை எழுதிய இளம் டொக்டர், பழைய வருத்தங்கள் என்ற இடத்தில் சீனி வருத்தம் "10 வருடம்" என்று எழுதிவிட்டார். வாட்டில் யாரோ கேட்டிருக்கிறார்கள், அப்பாவும் "பத்து வருஷம் இருக்கும்" என்று மதிப்பாகச் சொல்லியிருக்கிறார். உண்மையில் பாலிசி எடுத்து இரண்டு வருடம் கழித்துத்தான் சீனி கண்டுபிடித்தார்கள். ஹெர்னியாவுக்கும் சீனிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் பாலிசி எடுக்கும்போதே இருந்த வருத்தத்தை மறைத்ததாகக் கடிதம் வந்தது.

அதை மாற்றியது அரசாங்க கிளினிக் கொப்பி. அதன் முதல் பக்கத்தில் முதல் தடவை சீனி பார்த்த திகதியும் அளவும் கிளினிக் முத்திரையும் இருந்தன. அந்தப் பக்கத்தின் பிரதியோடு, காலத்தைத் திருத்தி நிபுணர் எழுதிய கடிதத்தையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பிய பிறகுதான் காசு வந்தது.

ஆகவே இரண்டு வேலை. கிளினிக் கொப்பி நிரம்பியதும் பழையதை எறிய வேண்டாம். டயக்னோசிஸ் கார்ட் கைக்கு வந்ததும் வாட்டை விட்டு இறங்குமுன் வாசியுங்கள்: பெயர், வயது, திகதிகள், பழைய வருத்தங்களுக்குப் போட்டிருக்கும் வருடக் கணக்கு. பிழை என்றால் அங்கேயே திருத்திக் கையெழுத்து வாங்குங்கள். வாட்டில் வருத்தத்தின் காலத்தைக் கேட்டால் குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டாம் என்று வீட்டிலுள்ள பெரியவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

இரண்டு காப்புறுதி இருந்தால், முதல் கம்பனிக்கு மூலப் பில் போகும். கொடுக்குமுன் எல்லாவற்றையும் பிரதி எடுத்து, முதல் கம்பனி எவ்வளவு தந்தது என்ற கடிதத்தோடு மிச்சத்துக்கு இரண்டாவதில் போடலாம். செலவைத் திருப்பித் தரும் திட்டங்களில் ஒரே பில்லுக்கு இரண்டு தடவை காசு வராது. நாட்காசுத் திட்டத்துக்கு அந்தத் தடை பெரும்பாலும் இல்லை.

கோரிக்கை அனுப்புவதற்கான கால எல்லை பாலிசியில் இருக்கும், டிஸ்சார்ஜ் திகதியிலிருந்து எண்ணுவார்கள். ஒரு அறிக்கை வர வேண்டியிருந்தால் அதற்காகக் காத்திருக்காமல் இருப்பதை அனுப்பி, மிச்சம் பின்னால் வரும் என்று எழுதுங்கள்.

10. மறுத்தால்

ஃபோனில் சொல்லும் மறுப்பை ஏற்க வேண்டாம். எந்தப் பிரிவின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பிரிவை உங்கள் பாலிசியில் தேடி வாசித்து, பதிலைக் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு அனுப்புங்கள். கிளையில் கொடுத்தால் திகதி முத்திரையோடு ஒரு பிரதி வாங்குங்கள்.

அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று, கோட்டை உலக வர்த்தக மையத்தில் இருக்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. பதிவு செய்த கம்பனிகளின், தரகர்களின் பட்டியலும் அவர்களின் இணையத்தளத்தில் உண்டு, வாங்குமுன்னும் பார்க்கலாம். மற்றது காப்புறுதி ஒம்புட்ஸ்மன். தனி ஆட்களின் முறைப்பாட்டை அங்கே கட்டணம் இல்லாமல் விசாரிப்பார்கள். முதலில் கம்பனியிடம் முறையிட்டு அதன் பதிலோடு போக வேண்டும், நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட விஷயத்தை எடுக்க மாட்டார்கள். கொண்டுபோக வேண்டியவை: பாலிசி, நிரப்பிய விண்ணப்பப் படிவத்தின் பிரதி, மறுப்புக் கடிதம், நீங்கள் அனுப்பிய பதில்கள், பதிவுத் தபால் துண்டுகள். திகதி வரிசையில் அடுக்கி, மேலே ஒரு பக்கத்தில் என்ன நடந்தது என்று சுருக்கமாக எழுதி வையுங்கள். தமிழிலேயே எழுதலாம்.